கொடுமுடி சுந்தராம்பாள் அம்மையார்

தெற்கு நோக்கி ஓடிவரும் காவிரியாறு கிழக்கே முகந்திருப்பும் இடத்தில் அமைந்தது கொங்கு நாட்டுக் கொடுமுடி. தேவாரம் அருளிய மூவராலும் பாடப்பெற்ற பதி அது. சுந்தரமூர்த்தி நாயனார் நமச்சிவாயத் திருப்பதிகம் பாடியதும் அவ்விடத்தேயாம். அவ்வூரில் 1908-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், பாலாம்பாள் என்னும் ஏழைத் தாய்க்குப் பிறந்த பெண்மகவே, பின்னாளில் கே. பி. சுந்தராம்பாள் என்று தமிழ் வழங்கும் இடமெங்கும் பெயர் விளங்க வாழ்ந்த அம்மையார் ஆவர். அப்பெயரின் முன் நிற்கும் இரண்டெழுத்துக்களுள் ஒன்று ஊரைக் குறிக்கும். மற்றொன்று தாயைக் குறிக்கும். தந்தையார் இளமையிலேயே இறந்துபட்டமையால், அக்குடும்பத்தைத் தாங்கியவர் தாயார் ஒருவரே.

வறுமை என்னும் சொல்லை நாம் கட்டுரைகளில் எளிதாக எழுதிவிடுகின்றோம். அம்மையார் இளமையில் கண்ட வறுமை எத்தகையது என்பதற்கு ஒன்று கூறினால் போதும். புகைவண்டியிலே பாடிப் பிரயாணிகள் கொடுக்கும் காசைப் பெற்று வீட்டிற்குக் கொண்டுவந்த சிறுமி அவர். அங்ஙனம் பாடிக்கொண்டிருந்தபோதுதான், திருச்சிராப்பள்ளியில் ரயில்வே உத்தியோகஸ்தராயிருந்த எப். ஜி. நடேசய்யர் அக்குரலைக் கேட்டார் என்பர். நடேசய்யர் தாமே நாடகக் கலையில் பெரும் பற்றுடையவர், மேடையேறி நடித்தவர். அவர் அச்சிறுமியை வேலு நாயர் நாடகக் கம்பெனியிற் சேர்ப்பித்தார். நல்லதங்காள் நாடகத்திலே, பசியால் வாடும் குழந்தைகளுள் ஒன்றாக அவர் மேடையேறினார். பசித்து அழும் வேடத்திற்கு அச்சிறுமிக்குப் பயிற்சி வேண்டியிருந்திராது என்று எண்ணுகையில் நம் மனம் இளகுகின்றது.

அக்காலத்து நாடக மேடையின் இயல்பை இன்றைய மாணவர் அறியார். ஆதலின் அதனைச் சற்று விரித்துரைப்போம். இரவு ஒன்பது மணிக்கு மேல் தொடங்கிக் கோழி கூவும்வரை நாடகம் நடக்கும். ஒலிபெருக்கி என்பது அந்நாளில் இல்லை. தகரக் கொட்டகையின் கடைசி வரிசையில் மணலில் அமர்ந்திருப்பவனுக்கும் பாட்டு ஒவ்வொரு சொல்லாகக் கேட்டல் வேண்டும். கேட்கவில்லையெனில் அவன் சும்மா இரான். இன்ன வேடத்திற்கு இன்னார் என்று நோட்டீஸ் அச்சிட்டு, வெவ்வேறு ஊர்களிலிருந்து நடிகரை ஓரிரவுக்கு அழைத்து நடத்தும் நாடகத்திற்கு ஸ்பெஷல் நாடகம் என்று பெயர். ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், ஆர்மோனியக்காரர் ஆகியோர் மாலையில் வந்து சேர்வர். ஒத்திகை ஒன்றும் இராது. கதையும் பாட்டுக்களும் சங்கரதாஸ் சுவாமிகள் எழுதி வைத்தவை; அவற்றை அனைவரும் மனப்பாடமாக அறிவர். ஆனால் பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையில் வரும் வாதப் பிரதிவாதம் அவரவர் சாமர்த்தியத்தைப் பொறுத்தது. எதிரில் நிற்பவர் எதனைக் கேட்பார், எந்த ராகத்தில் எடுப்பார் என்பது மேடையிலேதான் தெரியும். விடை கூறத் தெரியாதவர் சபையில் நகைப்புக்கு இடமாவர். இத்தகைய மேடையே சுந்தராம்பாளுக்குப் பள்ளிக்கூடமாயிற்று. அவர் பெண் வேடத்தோடு நில்லாமல் ராஜபார்ட்டும் பூண்டார். ஆண்மகன் எட்டும் உயர்ந்த சுருதியில் நின்று, சொல் சிதையாமல் பாடும் ஆற்றல் அவருக்கு அங்கேதான் அமைந்தது. பின்னாளில் படக்காட்சியிலே அவர் பாடுங்கால் ஓர் எழுத்தும் விழுங்கப்படாமல் செவியில் விழுவதற்கு, மணலில் அமர்ந்திருந்த அந்தக் கடைசி வரிசைக்காரனுக்கே நாம் நன்றி கூறவேண்டும்.

இந்நிலையில் அவர் இலங்கை சென்றார். அந்நாளில் தமிழ்நாட்டு நடிகர்க்குக் கொழும்பு நல்ல வருவாய் தரும் நகரம். 1926-ஆம் ஆண்டில் அங்கே எஸ். ஜி. கிட்டப்பாவை அவர் சந்தித்தார். செங்கோட்டையில் 1906-ஆம் ஆண்டில் பிறந்த கிட்டப்பா, சிறுவயதிலேயே மேடையேறி, கன்னையா கம்பெனியின் நாடகங்களால் பெரும் புகழ் எய்தியவர். ஐந்து கட்டைச் சுருதியில் அவர் பாடும் பாட்டைக் கேட்கச் சங்கீத வித்துவான்களும் கொட்டகைக்கு வந்தனர். வள்ளி திருமணத்தில் அவர் முருகனாகவும் சுந்தராம்பாள் வள்ளியாகவும் நின்றபோது, இரு பெருங்குரல்கள் ஒன்றற்கொன்று ஈடு கொடுப்பதைக் கொழும்பு மக்கள் முதன்முதல் கேட்டனர். மேடையில் பிறந்த நட்பு மேடையோடு நிற்கவில்லை. கிட்டப்பா முன்னரே மணமானவர், குலத்தாலும் வேறானவர். ஆயினும் 1927-ஆம் ஆண்டில் இருவரும் மணம் செய்துகொண்டனர்.

அதன்பின் சில ஆண்டுகள் தமிழ்நாட்டின் நாடக மேடை அவ்விருவருடையதாகவே விளங்கியது. கிட்டப்பாவின் தமையனார் காசி ஐயர் ஆர்மோனியம் வாசிக்க, இவர்கள் சேர்ந்து நடிக்கும் நாடகத்திற்கு வண்டி கட்டிக்கொண்டு பல ஊர்களிலிருந்து ஜனங்கள் வந்தனர். இருவர் பாட்டும் கிராமபோன் இசைத்தட்டுக்களாக வெளிவந்தன. இருவரும் கதர் உடுத்தனர். தேசப்பாட்டுக்களை நாடகத்தின் நடுவே பாடினர். நாடகக் கதைக்கும் அப்பாட்டுக்கும் யாதொரு சம்பந்தமும் இராது. எனினும் சபையோர் அதனைக் குறையாகக் கொள்ளவில்லை. போலீஸாருக்குத்தான் அது குறையாகப் பட்டது.

இல்வாழ்க்கையோ அத்துணை இனிதாக அமைந்ததில்லை. 1928-ஆம் ஆண்டில் பிறந்த குழந்தை சில நாட்களிலே இறந்தது. மனவேற்றுமை தோன்றியது, பிரிவு நேர்ந்தது. அக்காலத்தில் அம்மையார் கணவருக்கு எழுதிய கடிதங்கள் பின்னர் வெளியாயின. அவற்றில் அன்பும் மனத்தாங்கலும் கலந்து கிடக்கின்றன. கைவிடப்பட்ட ஒரு பெண், தன் தன்மானத்தையும் விடாமல், கணவனையும் வெறுக்காமல், இரண்டுக்கும் நடுவே நின்று எழுதியவை அவை. கிட்டப்பாவின் உடல்நலம் மதுவினால் சீர்குலைந்தது. 1933-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 2-ஆம் நாள் அவர் காலமானார். அப்பொழுது அவருக்கு வயது இருபத்தேழே, அம்மையாருக்கு இருபத்தைந்து.

அன்று முதல் அம்மையார் வெள்ளாடை உடுத்தார், அணிகளைக் களைந்தார், இனி எந்த ஆடவருடனும் ஜோடி சேர்ந்து நடிப்பதில்லை என்று உறுதி பூண்டார். இச்செய்தியைக் கூறுவோர் பெரும்பாலும் அதனைக் கற்புக்கு ஓர் எடுத்துக்காட்டாகக் காட்டி அத்துடன் நிறுத்திவிடுவர். நாம் அங்ஙனம் நிறுத்த விரும்பவில்லை. அவர் அன்புடையவர் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவ்வன்புக்கு ஈடாக அவர் பெற்றது சிறிதே என்பதையும் மறைத்தல் கூடாது. மற்றொன்றும் நோக்கற்பாலது. நடிகை என்றால் இழிவாகப் பேசிய காலம் அது. காதற்காட்சியில் நடிப்பவளை எவனும் எதுவும் பேசலாம் என்றிருந்தது. வெள்ளாடை உடுத்துத் தனியே நின்று பாடும் பெண்ணை அவ்வாறு பேச எவனுக்கும் நாவெழவில்லை. துயரத்தினால் மேற்கொண்ட நோன்பு அவருக்கு ஒரு கவசமாகவும் ஆயிற்று என்பது நம் கருத்து. அவர் அதனை எண்ணிச் செய்தார் என்று நாம் கூறவில்லை. ஆனால் வீட்டின் மூலையில் முடங்கும் கைம்மையை அவர் ஏற்கவில்லை என்பது வெளிப்படை.

மேடையை விட்டுச் சிறிது காலம் ஒதுங்கியிருந்தவர், மீண்டும் வந்தபோது தேர்ந்தெடுத்த வேடம் நந்தனார். ஆடவனாகவே வேடம் பூண்டால் ஆடவனுடன் ஜோடியாக நடிக்க வேண்டுவதில்லையன்றோ? அந்நாடகத்தின் புகழைக் கேட்ட படமுதலாளி அசன்தாஸ் என்பார், அதனைப் பேசும்படமாக எடுக்க விரும்பி அம்மையாரை அணுகினார். அம்மையாருக்குப் படத்தில் நடிக்க மனமில்லை. வந்தவரை முகத்தில் அடித்தாற்போல அனுப்பவும் மனமில்லை. ஆகவே எவரும் கொடுக்கமாட்டாத தொகை ஒன்றைக் கேட்டுவிட்டால் அவர் தாமே போய்விடுவார் என்றெண்ணி, ஒரு லட்சம் ரூபாய் வேண்டுமென்றார். முதலாளி ஒப்புக்கொண்டார்! ஒரு சவரன் பொன் முப்பது ரூபாயைத் தாண்டாத காலத்தில் ஒரு லட்சம் என்றால் எத்துணை என்பதை மாணவர்கள் தாமே கணக்கிட்டுக் கொள்க. அந்நாள்வரை தமிழ்நாட்டில் ஆடவரோ பெண்டிரோ எந்த நடிகரும் அத்தொகை பெற்றதில்லை. புகைவண்டியில் காலணாவும் அரையணாவும் வாங்கிய கை அது.

மாணிக்லால் டாண்டன் இயக்கிய அப்படம் 1935-ஆம் ஆண்டில் வெளிவந்தது. நந்தனாராக அம்மையாரும், வேதியராகச் சங்கீத வித்துவான் மகாராஜபுரம் விசுவநாதையரும் நடித்தனர். ஒரு பெண் நந்தனாராவதும், அவர் திருவடியில் உயர்குலத்து வித்துவான் ஒருவர் வேதியராகப் பணிவதும் அந்நாளில் பலர் வாயில் மெல்லுதற்கு அவலாயின. படத்தைப் பொறுத்தவரையில் உண்மையைச் சொல்லிவிடுதல் நலம்: அது வெற்றி பெறவில்லை. பாட்டுக்கள் கேட்போர் உள்ளத்தைக் கவர்ந்தன. படமோ மேடை நாடகத்தைப் புகைப்படம் பிடித்தாற்போல இருந்தது. ஆனந்த விகடனில் எழுதிய கல்கி அவர்கள், படத்தில் நன்றாக நடித்தவை மரமும் மாடும் ஆடுமே என்னும் கருத்துப்பட ஏளனம் செய்தார். லட்ச ரூபாய் நடிகைக்கு இதனினும் கடிய அடி வேண்டியதில்லை. மற்றொருவராயின், பெற்ற பணத்திற்காகவேனும் அடுத்த படத்தில் விரைந்து நடித்துப் பெயரைச் சரிசெய்துகொள்ள முயன்றிருப்பர். அம்மையார் அவசரப்படவில்லை. ஐந்தாண்டு கழித்து 1940-ஆம் ஆண்டில் மணிமேகலை படத்தில் தோன்றினார். அதுவும் துறவுக் கோலமே. அதன்பின் மறுபடம் வருதற்குப் பதின்மூன்று ஆண்டுகள் சென்றன. படவுலகில் உயர்ந்து சென்றவர் என்று நாம் போற்றும் ஒருவரின் வாழ்வில், படமே இல்லாத ஆண்டுகள் இத்துணை மிகுந்திருப்பது வியப்பன்றோ?

அவ்வாண்டுகளில் அவர் சும்மா இருந்தாரல்லர். தீரர் சத்தியமூர்த்தி அவரைத் துயரத்திலிருந்து மீட்டுப் பொதுவாழ்விற்கு அழைத்தார். 1937-ஆம் ஆண்டுத் தேர்தலில் காங்கிரசுக்காக ஊர் ஊராகச் சென்று பாடினார். எழுத்தறியாத குடியானவர்க்கு ஒரு மணி நேரப் பிரசங்கம் செய்யமாட்டாததை அவருடைய ஒரு பாட்டுச் செய்தது என்று அக்காலத்தவர் பலர் கூறுவர். காந்தியடிகள் கொடுமுடியில் அம்மையாரின் இல்லத்திற்கு வந்தபோது, தங்கத் தட்டில் உணவு படைக்கப்பட்டதாம். உண்டு முடித்த அடிகள் உணவு மட்டுந்தானா, தட்டு இல்லையா என்னும் பொருள்படக் கேட்க, அம்மையார் அதனையும் கொடுத்துவிட, அது ஏலமிடப்பட்டு நிதியிற் சேர்ந்தது என்பர். 1951-ஆம் ஆண்டில் அவர் சென்னைச் சட்டமன்ற மேலவையில் உறுப்பினரானார். நம் நாட்டில் படவுலகத்தினின்று சட்டசபைக்குச் சென்றவருள் முதல்வர் அவரே. பின்னர் அவ்வழியே சென்றவர் தொகை தமிழர்க்கு நாம் சொல்லித் தெரியவேண்டுவதில்லை. அவர்களுட் பலர் முதலமைச்சர் பீடமும் ஏறினர். வழி திறந்தவர் ஒரு பெண்மணி என்பது ஏனோ அடிக்கடி மறக்கப்படுகின்றது.

1953-ஆம் ஆண்டில் ஜெமினி அதிபர் எஸ். எஸ். வாசன் தயாரிக்க, கொத்தமங்கலம் சுப்பு இயக்கிய ஒளவையார் வெளிவந்தது. இளம்பருவத்து ஒளவையாகக் குசலகுமாரி நடித்தார். முதுமை வேண்டிப் பெற்றபின் வரும் ஒளவையாக அம்மையார் தோன்றினார். வாசன் பணத்தை நீராய் இறைத்தார். யானைக் கூட்டம் கோட்டையைத் தகர்க்கும் காட்சியைக் கண்டு ஜனங்கள் வாய் பிளந்தனர். ஆயினும் அவ்வளவு யானைகளுக்கும் நடுவே மக்கள் நினைவில் நின்றது, கோலூன்றித் தெருவழியே பாடிக்கொண்டு நடக்கும் கிழவியின் உருவமேயாகும். அது முதல் தமிழர்க்கு ஒளவையார் என்றால் சுந்தராம்பாளின் முகமே தோன்றலாயிற்று. சங்ககாலத்து ஒளவை, ஆத்திசூடி பாடிய ஒளவை என்று வேறு வேறு ஒளவையார் இருந்தனர் என்று வகுப்பில் ஆசிரியர்கள் எடுத்துரைப்பர்; மாணவர் தலையசைப்பர்; ஆனால் பரீட்சைத் தாளில் எழுதும்போது எல்லா ஒளவையும் ஒரே முகத்துடன் வந்து நிற்பதை நாம் அறிவோம். அப்பிழைக்குப் பாதிப் பொறுப்பு அம்மையாருடையது.

நாற்பத்தைந்து வயதில், கூனற்கிழவி வேடத்தில், கதாநாயகன் ஒருவனும் இன்றி, ஒரு நடிகை தன் புகழின் உச்சத்தை எய்தினார் என்பதை ஈண்டு நிறுத்தி நினைத்துப் பார்த்தல் தகும். மற்றைய நடிகையர் அவ்வயதில் படவுலகால் மறக்கப்பட்டனர். இளமையையும் அழகையும் மூலதனமாகக் கொண்டு அவர் வாணிகம் செய்யவில்லை. ஆதலின் அவை போனபோது நட்டமும் இல்லை.

பூம்புகார் படத்தைப் பற்றி ஒரு செய்தி சொல்லத்தக்கது. 1964-ஆம் ஆண்டில் மு. கருணாநிதி அவர்களின் கதை வசனத்தில், ப. நீலகண்டன் இயக்கத்தில் வெளிவந்த அப்படத்தில், அம்மையார் கவுந்தியடிகளாக நடித்தார். எழுதியவர் பகுத்தறிவுக் கொள்கையினர். பாடுகின்றவரோ முருகனையன்றி நினையாதவர். கோவலன் கொலையுண்டபின் வரும் பாட்டில், அரசாணை வென்றுவிட்டது, தெய்வம் எங்கே போயிற்று என்று வினவும் பாங்கில் ஓரடி அமைந்திருந்தது. தெய்வம் இல்லாமற் போயிற்று என்னும் பொருள்பட நான் பாடமாட்டேன் என்று அம்மையார் மறுத்துவிட்டாராம். எழுதியவர் சினங்கொள்ளவில்லை. தெய்வம் இதோ வந்துவிட்டது என்னும் கருத்தாக அடி மாற்றியமைக்கப்பட்டது. இரண்டு மூன்று சொற்களே மாறின. கொள்கையால் எதிரெதிர் நின்ற இருவரும், ஒருவரையொருவர் இகழாமல், ஒரு பாட்டை முடித்துக் கொடுத்த அவ்வழகை நாம் பெரிதும் மதிக்கின்றோம்.

மறு ஆண்டில் ஏ. பி. நாகராஜனின் திருவிளையாடல் வந்தது. மாங்கனி கிட்டாமல் சினந்து மலையேறிய முருகனை ஒளவை ஆற்றுவிக்கும் காட்சி சிறியது. ஆனால் அதிற் பாடிய பாட்டு, பழனிப் படியில் ஏறாதவரையும் ஏறச் செய்தது. தொடர்ந்து மகாகவி காளிதாஸ், கந்தன் கருணை, துணைவன், காரைக்கால் அம்மையார் முதலிய படங்களில் நடித்தார். எல்லாவற்றையும் எண்ணினாலும் அவர் நடித்த படங்கள் ஒரு டஜனைச் சுற்றியே நிற்கும். இவற்றுட் சில தரத்தால் மிகச் சாதாரணமானவை. துணைவன் படத்தில் பாடியதற்காக 1969-ஆம் ஆண்டின் சிறந்த பின்னணிப் பாடகி என்னும் தேசிய விருது அவருக்கு அளிக்கப்பட்டது. அறுபது வயதைக் கடந்து, ஒலிப்பதிவுக் கூடத்து ஒலிவாங்கியின் முன் நின்றும், அவர் பழைய தகரக் கொட்டகைக்குப் பாடுவது போலவே உரத்து, விரித்துப் பாடினார் என்பதை அப்பாட்டுக்களைக் கேட்போர் உணர்வர். 1970-ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ பட்டம் வந்தது.

அவர் நடித்த வேடங்களை வரிசையாக நோக்கினால் நந்தனார், மணிமேகலை, ஒளவை, கவுந்தி, காரைக்காலம்மை என்று துறந்தோர் கூட்டமாகவே இருக்கின்றது. ஒரு நோன்பின் வேலிக்குள் நின்றுகொண்டு, அவ்வேலிக்குள் தமிழிலக்கியத்தில் எத்தனை பேர் அகப்படுவரோ அத்தனை பேரையும் அவர் தம் முகத்தால் நமக்குக் காட்டிவிட்டார். அவ்வேலி இல்லாதிருந்தால் கண்ணகியாகவும் சகுந்தலையாகவும் அவரைக் கண்டிருப்போமே என்று ஏங்குவாரும் உளர். அவ்வேக்கம் நமக்கும் சிறிதுண்டு.

அம்மையார் 1980-ஆம் ஆண்டில் காலமானார். கணவரை இழந்தபின் நாற்பத்தாறு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்திருந்தார், வெள்ளாடை மாறவேயில்லை. கிட்டப்பா பேசும்படங்கள் தமிழில் தோன்றிய சில ஆண்டுகளுக்குள் மறைந்தவராதலின், ஒரு படத்திலேனும் நடித்தாரில்லை. ஆகவே கொழும்பு மேடையில் வள்ளியும் வேலனுமாக அவர்கள் எதிரெதிர் நின்ற காட்சியை நாம் காண வழியில்லை. இசைத்தட்டுக்கள் மட்டும் எஞ்சியுள்ளன. அவற்றில் கீறல் ஒலிக்கு ஊடே அவ்விருவர் குரலும் கேட்கின்றன.